அறுபதில் தேர்ந்தெடுத்து எண்பதில் வாழும் வீடு: ஓய்வுக்காலத்துக்கு எந்த இடம் பொருந்தும்?

பணி ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே, இனி எங்கே போய்க் குடியிருப்பது என்ற பேச்சு தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் தொடங்கிவிடுகிறது. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர், ஸ்ரீரங்கத்தில் கோயிலும் காவிரியும், சொந்த ஊரில் பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு, சென்னையில் பழகிய மருத்துவர், பெங்களூரில் பேரக்குழந்தை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்படும். ஒவ்வொன்றும் நியாயமான காரணமே. ஆனால் இவை அனைத்தும், நடையும் பார்வையும் குறையாத, வண்டி ஓட்டக்கூடிய, இருவராகச் சேர்ந்து வாழும் அறுபது வயதுத் தம்பதியை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. அந்தத் தம்பதி அப்படியே இருக்கப்போவதில்லை என்பதில்தான் இந்தத் தேர்வின் சிக்கல் இருக்கிறது.

தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. அறுபதை எட்டிய இந்தியர் ஒருவர் சராசரியாக இன்னும் ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்கிறார். பெண்களுக்கு அது சற்றுக் கூடுதல். கணவரைவிட மனைவி சில வயது இளையவராக இருப்பதும் நம் வழக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் கடைசிச் சில ஆண்டுகள் மனைவி தனித்து வாழும் ஆண்டுகளாகவே அமையும். வீட்டைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் அறுபது வயது ஆண். அதில் கடைசிவரை இருக்கப்போகிறவர் எண்பதை நெருங்கும் பெண். எனவே காற்று நன்றாக இருக்கிறதா, வாக்கிங் போக இடம் உண்டா என்பவற்றுக்கு முன்னால், வண்டி ஓட்டத் தெரியாத, முழங்கால் வலியுள்ள, தனித்திருக்கும் எழுபத்தெட்டு வயதுப் பெண்மணிக்கு இந்த இடம் சரிப்படுமா என்று கேட்டாக வேண்டும்.

இது ஒரு சில குடும்பங்களின் கவலை மட்டும் அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு, 2021க்கு இதை 13.6 என்றும் 2031க்கு 18.2 என்றும் மதிப்பிட்டது. இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்த இடம் இது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முதியவராக இருக்கப்போகும் மாநிலத்தில், முதியவர்களுக்கென்று திட்டமிட்ட தெருவோ வீடோ மிகக் குறைவு. இருப்பவற்றுக்குள்தான் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் சொந்த ஊர். சிவகங்கைப் பக்கமோ தஞ்சாவூர்ப் பக்கமோ ஒரு வீடு பூட்டிக் கிடந்தால், அங்கேயே போய்விடலாம் என்ற எண்ணம் இயல்பாக எழும். வாடகை இல்லை, செலவு குறைவு, தெரிந்த முகங்கள், குலதெய்வக் கோயில் பக்கத்திலேயே. ஆனால் அந்த வீடு முதுமைக்காகக் கட்டப்பட்டதன்று. கூட்டுக் குடும்பத்துக்காகக் கட்டப்பட்டது. செட்டிநாட்டு வீடுகள் தெருமட்டத்திலிருந்து உயர்ந்த அடித்தளத்தின் மேல் நிற்கின்றன. வாசற்படி ஏறி, நிலைப்படிகள் பல தாண்டித்தான் உள்ளே போக முடியும். டெல்டாவின் பழைய வீடுகளில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கும். இரவில் இரண்டு முறை எழ வேண்டிய வயதில் அந்தத் தூரமே விபத்துக்கு வழி. மாற்றிக் கட்டலாமே என்றால், பல பூர்வீக வீடுகள் பங்காளிகள் பலருக்குப் பொதுவானவை. ஒரு குளியலறை கட்டுவதற்கும் நாலு நாடுகளில் இருப்பவர்களின் சம்மதம் கேட்க வேண்டியிருக்கும். தெரிந்த முகங்கள் என்பதும் பாதி உண்மைதான். 2011லேயே தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 48 விழுக்காட்டுக்கு மேல் நகரங்களில் இருந்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த தெருவில் இன்று இருப்பவர்கள் வேறு ஆட்கள். இருக்கும் ஓரிருவரும் நம்மைப் போலவே முதியவர்கள்.

கிராமத்தில் மருத்துவமே இல்லை என்று சொல்வது அநியாயம். 2008 முதல் இயங்கும் 108 ஆம்புலன்ஸ் உள்ளூர்வரை வருகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. அன்றாட நோய்க்கு இது போதும். அவசரத்துக்குப் போதாது. பக்கவாதம் வந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன்பு சி.டி. ஸ்கேன் எடுத்து, அது ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். எனவே பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பொதுவாக விசாரிப்பதில் பொருளில்லை. இரவு இரண்டு மணிக்கு சி.டி. ஸ்கேனும், அதைப் பார்த்துச் சொல்ல மருத்துவரும் உள்ள இடம் எத்தனை நிமிடத் தொலைவில் இருக்கிறது என்றே கேட்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குமேல் என்றால் அந்த ஊர் விடுமுறைக்கு ஏற்றது, முதுமைக்கு ஏற்றதன்று என்பது என் கருத்து. சொந்த மண்ணை விட மனமில்லாதவர்கள், ஊருக்குள் போவதைவிட ஊருக்கு அருகிலுள்ள மாவட்டத் தலைநகரில் வீடு பார்ப்பது நல்ல சமரசம்: திருவிழாவுக்கும் நிலபுலனைப் பார்க்கவும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம்.

இருக்கும் இடத்திலேயே இருந்துவிடுவது என்பதையும் ஒரு தேர்வாகவே கருத வேண்டும். சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நகரத்தை விட்டு ஓட நினைப்பதற்கு வெயில், நெரிசல், தண்ணீர் லாரி, வெள்ளம் என்று காரணங்கள் உண்டு. ஆனால் முப்பது ஆண்டுகளாகப் பழகிய மருந்துக்கடைக்காரர், ஒரு போன் செய்தால் வரும் எலக்ட்ரீஷியன், நம் பழைய நோய்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் குடும்ப மருத்துவர் ஆகியோருக்கு விலை போட முடியாது. புது ஊரில் இவர்களைச் சேர்க்கப் பத்து ஆண்டு ஆகும். முதியோர் மருத்துவத்திலும் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் முதியோருக்கான புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவில் அத்துறையின் முன்னோடியாக அவர் மதிக்கப்படுகிறார். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மாநகரப் பேருந்தில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் பத்து இலவசப் பயண டோக்கன் தருகிறார்கள். 2021 மே மாதம் முதல் மாநிலம் முழுவதும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். தனித்திருக்கும் பெண்ணுக்கு இந்தக் கடைசி வசதி மிகப் பெரியது. ஆனால் வீட்டு வாசலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பேருந்து நிறுத்தம் இருந்தால்தான்.

சென்னையில் இடறுவது ஊர் அன்று, கட்டடம். மயிலாப்பூர், தியாகராய நகர், அசோக் நகர் போன்ற பகுதிகளில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழுந்த மூன்று மாடி அடுக்ககங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. நாற்பது வயதில் கடன் வாங்கி வாங்கிய மூன்றாம் மாடி வீடு, எழுபத்தைந்தில் இறங்கவே முடியாத வீடாகிவிடுகிறது. தரைத்தளத்துக்கு மாறலாம் என்றால் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணையைச் சுற்றிய பகுதிகளில் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் தரைத்தளத்தின் கதி என்ன என்பதைக் காட்டிவிட்டன. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பழைய அடுக்ககங்களை இடித்துக் கட்டும் வேலை நகரமெங்கும் நடக்கிறது; 2022ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டாலே மறுகட்டுமானத்துக்கு வழி செய்கிறது. பணமாகப் பார்த்தால் லாபம். ஆனால் எழுபத்தாறு வயதில் இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகை வீட்டுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும் என்றால், அந்த லாபம் யாருக்கு என்று கேட்கத் தோன்றும். உங்கள் கட்டடத்துக்கு முப்பத்தைந்து வயது ஆகியிருந்தால், மறுகட்டுமானம் உங்கள் அறுபதுகளிலேயே நடந்து முடிவது நல்லது. அதற்காக அசோசியேஷன் கூட்டத்தில் நீங்களே குரல் கொடுப்பதும் நல்லது.

அடுத்து இரண்டாம் நிலை நகரங்கள். கோயம்புத்தூர், திருச்சி, மதுரை, புதுச்சேரி ஆகிய நான்கும் ஓய்வு பெற்றவர்களை ஈர்ப்பதற்கு ஒரே காரணம்தான்: பெரிய மருத்துவமனை, விமான நிலையம் அல்லது விரைவான ரயில், சிறிய ஊருக்குரிய பயண நேரம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது. கோயம்புத்தூருக்குக் கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் கூடுதல் வரம். புதுச்சேரியில் மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மர் இருப்பதால், தனியார் மருத்துவமனைப் பில்லுக்கு அஞ்சுபவர்களுக்கு அது பெரிய தைரியம். தரையும் சமதளம், பழைய நகரப் பகுதியில் எல்லாமே நடந்துபோகும் தூரம்.

திருச்சியைச் சேர்ந்த ஸ்ரீரங்கம் தனிக் கவனத்துக்கு உரியது. யாரும் முதியோருக்கென்று திட்டமிடாமலே முதியோருக்கு ஏற்றதாக அமைந்துவிட்ட ஊர் அது. சித்திரை வீதி, உத்தர வீதி என்று கோயிலைச் சுற்றிய வீதிகளிலேயே காய்கறி, மருந்து, வங்கி, ரத்தப் பரிசோதனை நிலையம் என எல்லாம் இருக்கின்றன. வீட்டில் சமைக்க முடியாதவர்களுக்குக் கேரியரில் சாப்பாடு கொடுக்கும் சிறு கேட்டரிங்காரர்கள் பலர் உள்ளனர். விடிகாலையிலும் இரவிலும் வீதியில் ஆள் நடமாட்டம் இருக்கும். ஒருநாள் பாட்டி வெளியே வரவில்லை என்றால் பூக்காரருக்கு அது தெரிந்துவிடும். பல லட்சம் செலவில் அவசர அழைப்பு மணி பொருத்திய வளாகங்கள் தர முயல்வதும் இதைத்தான். கும்பகோணத்துக்கும் மதுரையின் பழைய வீதிகளுக்கும் இது ஓரளவு பொருந்தும். ஆனால் இதை எல்லாருக்கும் பொதுவான பரிந்துரையாக வைத்துவிடக் கூடாது. கோயில் வீதிகளில் வாடகை வீடு தேடும்போது என்ன சாதி, என்ன சாப்பாடு என்ற கேள்வி வருவதும் உண்மை. ஓர் ஊரின் அரவணைப்பு சிலருக்கு மட்டுமே திறக்கிறது என்றால், மற்றவர்களுக்கு அந்த ஊரின் நன்மைகள் ஏட்டில்தான்.

மதுரையைப் பற்றிப் பேசும்போது ஒரு சிறு விலகல். அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கியது 1976இல், அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பின். 11 படுக்கைகளோடு, தாம் வேலை பார்த்த அதே ஊரில். எல்லாரும் மருத்துவமனை கட்டப்போவதில்லை. ஆனால் ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு டியூஷன் படிக்க வரும் பிள்ளைகளும், ஓய்வு பெற்ற கணக்காளருக்கு ஆலோசனை கேட்டு வரும் சிறு கடைக்காரர்களும் அவர் வேலை பார்த்த ஊரில்தான் இருப்பார்கள். இயற்கைச் சூழலைத் தேடி அந்த வட்டத்தை விட்டுப் போகிறவர், ஆறு மாதத்தில் செய்தித்தாளை இரண்டு முறை படிப்பவராகிவிடுகிறார்.

மலையூர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உதகையும் கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கு மேல். குளிர் மூட்டுவலியைக் கூட்டும், ரத்த அழுத்தத்தை உயர்த்தும். சரிவில் அமைந்த தெருவில் வாக்கர் வைத்து நடக்க முடியாது. 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவுகளால் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மழைக்காலத்தில் சாலை அடைபட்டால் பெரிய மருத்துவமனைக்கு இறங்க வழியில்லை. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே முதல் இந்த இரு ஊர்களுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டியிருப்பது, கோடை நெரிசல் எந்த அளவுக்குப் போய்விட்டது என்பதற்குச் சான்று. அறுபதுகளில் ஆண்டுக்கு இரண்டு மாதம் வாடகைக்கு எடுத்துத் தங்குவது அறிவுடைமை. இருந்த வீட்டை விற்று அங்கே வாங்குவது அப்படியன்று.

இனி, இப்போது அதிகம் விளம்பரப்படுத்தப்படும் முதியோர் குடியிருப்பு வளாகங்கள். கோயம்புத்தூரின் வடவள்ளி போன்ற புறநகர்ப் பகுதிகளில் 2000களில் வேரூன்றிய இந்த முறை, இன்று சென்னைப் புறநகர், ஓசூர், புதுச்சேரி என்று பரவியிருக்கிறது. வழக்கமான முதியோர் இல்லம் வேறு, இது வேறு. தனி வீடு, பொதுச் சாப்பாட்டுக்கூடம், வீடு துப்புரவு, செவிலியர், ஆம்புலன்ஸ், காவல், மாலையில் கச்சேரியோ பஜனையோ என்று எல்லாவற்றையும் ஒரு மாதக் கட்டணத்தில் தருவது இதன் அமைப்பு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது மிகப் பெரிய நிம்மதி என்பதில் ஐயமில்லை. குழாய் ஒழுகினால் பிளம்பரைத் தேடி அலைய வேண்டாம் என்பது, எழுபது வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் எவ்வளவு பெரிய விடுதலை என்று புரியும். ஆனாலும் கையெழுத்திடும் முன் நாலைந்து விஷயங்களை ஆற அமரப் பார்க்க வேண்டும்.

வாங்குவது வீட்டையா, குடியிருக்கும் உரிமையை மட்டுமா என்பது முதலாவது. சில வளாகங்களில் பிரிபடாத மனைப் பங்கோடு கிரயப் பத்திரம் பதிவாகும். சிலவற்றில் பெரிய வைப்புத்தொகை கொடுத்துக் குத்தகையாக இருக்க வேண்டும். வெளியேறும்போது பிடித்தம் போக மீதி வரும். இரண்டாவது வகையில் அந்தப் பணத்தின் பாதுகாப்பு, நடத்துபவரின் நிதிநிலையை மட்டுமே நம்பியிருக்கிறது. பழைய வீட்டை விற்ற லாபத்தை இன்னொரு வீட்டில் போடுபவர்களுக்கு வருமானவரிச் சட்டம் தரும் விலக்கும், அந்த வீட்டை வாங்கினாலோ கட்டினாலோதான் கிடைக்கும். திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை கொடுப்பதை வீடு வாங்கியதாகக் கணக்கில் கொள்ள மாட்டார்கள். சொந்தமாகவே வாங்கினாலும், குடியிருப்பவருக்குக் குறைந்தது 55 அல்லது 60 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதி பல வளாகங்களில் உண்டு. நாற்பது வயது வாரிசு அதற்கு உரிமையாளர் ஆகலாம், குடியிருக்க முடியாது. எனவே மறுவிற்பனைக்கு வாங்குவோர் வட்டம் சிறியது. இதைச் சொத்துச் சேர்ப்பாக எண்ணாமல், வாழ்வதற்கான செலவாக எண்ணி வாங்குபவர்கள் ஏமாறுவதில்லை.

மாதக் கட்டணம் எப்படி உயரும் என்பது இரண்டாவது. இன்று இருவருக்கு 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8 விழுக்காடு உயர்ந்தால் ஒன்பது ஆண்டுகளில் 60,000, பதினெட்டு ஆண்டுகளில் 1,20,000. மறுபக்கம் வருமானத்தைப் பாருங்கள். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசு ஊழியருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அவருக்குப் பின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம், தொடக்க ஆண்டுகளுக்கான கூடுதல் விகிதம் முடிந்தபின், அதே சம்பளத்தில் 30 விழுக்காடு. கணவர் வாங்கியதில் ஐந்தில் மூன்று பங்குதான். அகவிலைப்படியும், 80 வயதில் வரும் 20 விழுக்காடு கூடுதல் தொகையும் கொஞ்சம் ஈடு செய்யும். தனியார் நிறுவனத்தில் ஓய்வு பெற்று வருங்கால வைப்புநிதி ஓய்வூதியத்தை நம்புபவர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. அதன் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் 1,000 ரூபாய்தான். ஒருவர் மட்டும் இருக்கும்போது கட்டணம் பாதியாகாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுச் செலவு குறையும், பராமரிப்புக் கட்டணம் அப்படியே இருக்கும். எனவே இரண்டு பேரின் வருமானத்தை வைத்து இன்றைய கட்டணத்தைக் கணக்கிடுவது போதாது. ஒருவரின் குடும்ப ஓய்வூதியத்தை வைத்து, பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிந்தைய கட்டணத்தைக் கணக்கிட வேண்டும்.

படுக்கையில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளம்பரக் கையேடுகள் சொல்வதில்லை. பல வளாகங்கள் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கு மட்டுமே இடம் தருகின்றன. இடுப்பெலும்பு முறிந்தாலோ மறதிநோய் முற்றினாலோ, தனியாக ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள், அல்லது வேறு இடம் பாருங்கள் என்பார்கள். எதற்காக அங்கே போனோமோ அந்தத் தருணத்தில்தான் வெளியேற வேண்டி வரும். படுக்கை நோயாளிகளுக்கான தனிப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறதா, இப்போது அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அதன் கட்டணம் என்ன என்பதை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஆனால் மாதிரி என்ற சொல்லிலேயே அதன் பலவீனம் இருக்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டடம் கட்டி ஒப்படைக்கும்வரையும், அதன்பின் ஐந்து ஆண்டுவரை கட்டுமானக் குறைகளுக்கும் உதவும். இருபது ஆண்டுகளுக்குச் சாம்பார் நன்றாக இருக்கிறதா, இரவில் செவிலியர் விழித்திருக்கிறாரா என்பவற்றுக்கு ஒப்பந்தத்தைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. கட்டியவர் ஒருவர், சேவை நடத்துபவர் வேறொருவர் என்றால், நடத்துபவர் விலகினால் யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடலாம்: பல வளாகங்களின் சமையலறை சைவம் மட்டுமே. வாழ்நாள் முழுவதும் மீன் சாப்பிட்டவர் அறுபத்தைந்தில் அதை விடுவது அவருடைய சொந்த முடிவாக இருக்க வேண்டுமே தவிர, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் கண்டுபிடிக்கும் செய்தியாக இருக்கக் கூடாது.

பிள்ளைகளோடு போய் இருப்பது பற்றிப் பேசும்போது பெங்களூரையும் டாலஸையும் ஒன்றாகப் பேச முடியாது. இந்தியாவுக்குள் என்றால் அது குடும்ப விவகாரம். வெளிநாடு என்றால் விசா விவகாரம். அமெரிக்காவில் பார்வையாளர் விசாவில் போகிறவருக்கு வழக்கமாக ஆறு மாதம்தான் அனுமதி. நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி (கிரீன் கார்டு) பெற்றுப் போகும் பெற்றோரும் ஐந்து ஆண்டு தொடர்ந்து வாழ்ந்த பிறகே அரசின் முதியோர் மருத்துவக் காப்பீட்டைப் பணம் கட்டி வாங்க முடியும். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் கனடா தரும் சூப்பர் விசா 2022 முதல் ஒரு வருகைக்கு ஐந்து ஆண்டுவரை தங்க அனுமதிக்கிறது. அதற்கும் மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். முன்பே உள்ள நோய்களுக்கு அத்தகைய காப்பீடுகள் கைகொடுப்பது அரிது. எழுபதுகளின் தொடக்கம்வரை போய்வரலாம்; அதன்பின் அங்கேயே என்று திட்டமிட, காப்பீடும் குளிர்காலமும் கார் ஓட்டத் தெரியாமையும் இடம் தர வேண்டும். வெளிநாட்டுப் பயணத்தை வாழ்வின் ஒரு பகுதியாக வைத்துக்கொண்டு, திரும்பி வருவதற்கு இங்கே ஒரு சாவியை வைத்திருப்பவர்களே நிதானமாக இருக்கிறார்கள்.

அந்தச் சாவி கையைவிட்டுப் போவது பெரும்பாலும் அன்பினால்தான். மகனின் அடுக்கக வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்காகப் பெற்றோரின் வீட்டை விற்பதும், ‘எப்படியும் உங்களுக்குத்தானே’ என்று செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடுவதும் சாதாரணமாக நடக்கின்றன. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி தருகிறது. நிபந்தனை பத்திரத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பது பற்றி நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகப் பேசியிருக்கின்றன. அந்த விவாதத்துக்குள் எண்பது வயதில் போவதைவிட, எழுதிக் கொடுப்பதாக இருந்தால் ஆயுட்கால அனுபவ உரிமையை இருவர் பெயரிலும் வைத்து எழுதுவது எளிது. உயிலாக எழுதுவது அதைவிட எளிது.

எந்த ஊராக இருந்தாலும் விற்று வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருந்து பார்க்க வேண்டும். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், தரகு, உள் வேலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வீட்டை மாற்றுவதன் செலவு லட்சங்களில் போகும். பதினோரு மாத வாடகை அதற்கு முன்னால் சிறிய தொகை. அந்தப் பதினோரு மாதத்தில் ஊரின் மோசமான பருவம் அடங்கியிருக்க வேண்டும்: சென்னையாக இருந்தால் அக்னி நட்சத்திரமும் ஐப்பசி, கார்த்திகை மழையும், டெல்டாவாக இருந்தால் புயல் காலம், மலையாக இருந்தால் மார்கழியும் தையும். மாறுவதாக இருந்தால் அறுபத்திரண்டிலிருந்து அறுபத்தெட்டுக்குள் மாறிவிடுவது நல்லது. எழுபத்தைந்தில் புது ஊருக்குப் போகிறவருக்கு வீடு கிடைக்கும், சிநேகிதர்கள் கிடைக்க மாட்டார்கள். வீட்டைப் பார்க்கும்போது மாடித் தோட்டத்தைவிட, குளியலறைக் கதவின் அகலம், வழுக்காத தரை, கைப்பிடி பொருத்தச் சுவரில் இடம், சக்கர நாற்காலி போக நிலைப்படி இல்லாத வழி, மின்சாரம் போனாலும் ஓடும் லிஃப்ட், அந்த லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்பவற்றைப் பார்க்க வேண்டும். அவ்வட்டாரத்தில் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் ஆள் கிடைப்பாரா, நாளுக்கு என்ன கூலி என்பதை ஹோம் நர்சிங் நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். கையிலுள்ள மருத்துவக் காப்பீட்டைப் பணம் கட்டாமலே ஏற்கும் மருத்துவமனை எது, அரசு ஊழியராக இருந்தால் தன் திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவமனை எது என்பதும் ஊருக்கு ஊர் மாறும்.

வாடகைக் காலத்தில் செய்து பார்க்க வேண்டிய சோதனை இன்னும் ஒன்று உண்டு. ஒரு பதினைந்து நாள் கணவர் வெளியூர் போய்விட, மனைவி மட்டும் அந்த வீட்டில் இருக்கட்டும். கார் வேண்டாம். காய்கறி வாங்குவது, வங்கிக்குப் போவது, பல் மருத்துவரிடம் போய்வருவது, கேஸ் சிலிண்டர் புக் செய்வது, மாலையில் பேச ஒரு ஆள் கிடைப்பது ஆகிய அனைத்தும் அவரால் தனியாக முடிகிறதா என்று பார்த்தபின், வாங்கலாமா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.